அடைப்பு எங்கே என்று பார்க்காமல் ஆசிட் ஊற்றாதீர்கள்

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று எங்களை அழைப்பவர்களில் மிகப் பலர் முதலில் சொல்வது, "ஆசிட் ஊற்றிப் பார்த்துவிட்டோம், போகவில்லை" என்பதுதான். அண்மையில் ஒரு வீட்டில் ஆசிட், காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்த நாள்களில் ஒரே குழாயில் கொட்டியிருந்தார்கள். அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. சேம்பர் (வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும், மூடியிட்ட சிறு தொட்டி) மூடியைத் திறந்த என் உதவியாளர் மூச்சுத் திணறி விலகிய பிறகே நடந்தது தெரிய வந்தது. பல முறை நேரில் சொன்னதை இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

செப்டிக் டேங்கோடு இணைந்த குழாயில் ஏற்படும் அடைப்பு பெரும்பாலும் துணி, சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், முடி, உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு, மரவேர் ஆகியவற்றால் ஆனது. இவற்றில் எதையும் வீட்டில் புழங்கும் ஆசிட் கரைப்பதில்லை. உப்புக் கறையும் சுண்ணாம்புப் படிவும் கரைவதைக் கண்டு எல்லாமே கரையும் என்று நம்பிவிடுகிறார்கள். மேலும், ஆசிட் தண்ணீரைவிடக் கனமானது. கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் அது முதலில் போய்த் தங்குகிறது. அடைப்போ பல அடி தள்ளி, சேம்பருக்கும் டேங்கிற்கும் நடுவில் இருக்கும். அவ்வளவு தண்ணீரைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அதன் வீரியம் நீர்த்துப்போய்விடும். ஆனால் வழியில் இருக்கும் சேம்பரின் சிமென்ட் பூச்சை அது அரித்துவிடும். அங்கே படிந்து கிடக்கும் கழிவோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் கிளப்பிவிடும். காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு இளக்கும் என்பது உண்மையே. எனினும், இளகிய பிசுக்கு சற்றுத் தள்ளிப் போய் மீண்டும் இறுகிக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கொதிக்கும் நீரும் இதற்கு மருந்தன்று. பிவிசி குழாய் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இளகத் தொடங்கும். அடைப்பு போகிறதோ இல்லையோ, குழாய் தொய்ந்துவிடும்.

டேங்கிற்குள் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வழக்கமான அளவில் பயன்படுத்தும் கழிப்பறைத் துப்புரவுத் திரவம் பெரிய தொட்டியில் நீர்த்துவிடும், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பாட்டில் பாட்டிலாகக் கவிழ்ப்பது வேறு, அது அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

இவற்றை ஒன்றோடொன்று கலப்பது உயிருக்கே ஆபத்து. பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிடக் கனமானதாகையால் குளியலறைத் தரையோடு தங்கும், குனிந்து வேலை செய்பவரின் முகத்திற்கு நேராக இருக்கும். காஸ்டிக் சோடா கிடக்கும் குழாயில் ஆசிட் விழுந்தால் வெப்பம் சட்டென்று ஏறி, திரவம் மேலே தெறிக்கும். ஏதாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் யாரையும் குறை சொல்ல வரவில்லை. எதைத் திறக்கப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஒரே ஒரு வாஷ்பேசினிலோ கழிப்பறைக் கோப்பையிலோ மட்டும் தண்ணீர் இறங்கவில்லை என்றால், அதன் கிளைக் குழாயில்தான் கோளாறு. எல்லா இடத்திலும் மெதுவாக இறங்கி, தாழ்வான குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வந்தால், அது பிரதான குழாய். அடுத்து சேம்பரைத் திறந்து பாருங்கள். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிறைந்திருந்தால் டேங்குப் பக்கம். சேம்பர் நிறைந்திருக்க, டேங்கில் நீர்மட்டம் வழக்கமான அளவிலேயே இருந்தால், அவற்றுக்கு இடையிலான குழாயையோ அது டேங்கில் நுழையும் டீ வடிவக் குழாயையோ பார்க்க வேண்டும். அந்த வாயில் மிதக்கும் கழிவு திரண்டு அடைப்பது மிகச் சாதாரணம்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். "டேங்க் நிரம்பிவிட்டது" என்று பதறுகிறார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும்; உள்ளே வரும் அளவு தண்ணீர் மறுபக்கம் வெளியேறுகிறது, அவ்வளவுதான். நீர்மட்டம் வெளியேறும் குழாயைத் தாண்டி உயர்ந்திருந்தால்தான் அந்தக் குழாயோ, வெளியேறும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது வண்டி வரவழைத்து உறிஞ்சி எடுத்தால் சில நாள்கள் நிம்மதி கிடைக்கும், அதன் பிறகு பழைய நிலையே திரும்பும். அடியில் படிந்த சகதியும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது உறிஞ்சி எடுப்பதே முறை.

இடம் தெரிந்த பிறகு கம்பியை எடுங்கள். இணைத்து நீட்டும் கம்பியை எப்போதும் வலப்பக்கமாகவே சுழற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மரை கழன்று, கம்பியின் தலை குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், பிறகு தரையைத்தான் உடைக்க வேண்டும். வறண்ட சேம்பரிலிருந்து வீட்டுப் பக்கம் குத்தும்போது ஓரமாக நில்லுங்கள், ஏனெனில் அடைப்பு விட்டதும் தேங்கிய கழிவெல்லாம் பாய்ந்து வரும். துணியைக் குத்தி டேங்கிற்குள் தள்ளிவிடுவது வேலையை முடிப்பதாகாது. கொக்கியால் வெளியே இழுத்து எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

டேங்க் மூடியைத் திறந்தால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். உள்ளே மீத்தேன் இருக்கும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். யாரையும், எந்தக் காரணத்திற்காகவும், உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்போது வாடை இல்லை" என்பது பாதுகாப்பின் அடையாளம் அன்று. ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்கக் குதிக்கும் அடுத்தவரும் இறக்கிறார். வெளியே நின்றபடியே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

அடைப்பு விட்ட பிறகு சில வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, சேம்பரில் தேங்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரிரு மாதத்தில் அதே இடம் மீண்டும் அடைத்தால், கம்பி குத்திப் பயனில்லை. குழாய் தொய்ந்திருக்கும், வேர் புகுந்திருக்கும், அல்லது வாட்டம் (குழாயின் சரிவு) போதாமல் இருக்கும். 4 அங்குலக் குழாய்க்கு 40 முதல் 60 அடிக்கு ஓரடி வாட்டமாவது வேண்டும். அந்த இடத்தைத் தோண்டி, குழாயைச் சரியாகப் பதித்துவிடுங்கள்.