குடியேற்றவாதமா, அயலாதிக்கமா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பின் தலைப்பு, ‘சமோரோ மொழியின் மீது குடியேற்றவாதத்தின் தாக்கம்’. ‘காலனியலிசம்’ (colonialism) என்பதற்கு ஈடாக வழங்கும் ‘குடியேற்றவாதம்’ என்ற சொல்லை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டேன், இம்முறை முடியவில்லை.

‘காலனி’யின் மூலம் இலத்தீனின் ‘கொலோனியா’. உழவனைக் குறித்த ‘கொலோனுஸ்’ என்பதன் வழிவந்து, உரோமர் வென்ற நிலத்தில் அமைத்த குடியிருப்புக்குப் பெயரானது. இந்த வேரைப் பிடித்துக்கொண்டே ‘குடியேற்றவாதம்’ ஆக்கப்பட்டது.

ஆனால் சமோரோ பேசப்படும், பசிபிக் பெருங்கடலிலுள்ள மரியானா தீவுகளில் குடியேறியவர்கள் யார்? ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த சமோரோக்களின் முன்னோரே. 1668இல் ஸ்பெயினின் சமயப் பணியாளர்களும் படைவீரர்களும் வந்த பின் நிகழ்ந்தது முற்றிலும் வேறு: போராலும் கொள்ளைநோயாலும் மக்கள்தொகை சரிய, வடதீவுகளில் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் அத்தீவுகளுள் பெரியதான குவாமுக்குப் பெயர்க்கப்பட்டு, தேவாலயத்தைச் சுற்றி அமைந்த ஊர்களில் அடைக்கப்பட்டனர். 1898இல் குவாம் அமெரிக்காவின் கைக்குப் போனது. கடற்படை ஆட்சி 1917இல் ஆங்கிலத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. 1922இல் பள்ளிகளில் சமோரோ பேசுவது தடுக்கப்பட்டு, சமோரோ அகராதிகள் திரட்டி எரிக்கப்பட்டன. அகராதியை எரித்தவர்களின் செயலுக்கும், படகில் வந்து இறங்கிக் குடில் போட்டவர்களின் செயலுக்கும் ஒரே சொல்லா?

‘காலனியம்’ என எழுதலாமே என்பார்கள். தமிழ்நாட்டில் ‘காலனி’ குடியிருப்புப் பகுதியின் பெயராக ஊன்றிவிட்டதால் அதுவும் வாசகரைப் பழைய இடத்துக்கே இழுக்கிறது. நான் எழுதுவது ‘அயலாதிக்கம்’. ‘ஆதிக்கம்’ வடசொல், ‘அயலாட்சி’யே தூயது என்ற வாதத்தை மதிக்கிறேன், எனினும் ‘ஆட்சி’ நிருவாகத்தோடு நின்றுவிடுகிறது. ‘ஹட்சா, ஹுகுவா, துலு’ என்று எண்ணிய மக்கள் ‘உனு, தோஸ், த்ரேஸ்’ என ஸ்பானியத்தில் எண்ணத் தொடங்கியதை நிருவாகம் என்று எப்படிச் சொல்வது? தூய்மையைவிடத் தெளிவே எனக்குப் பெரிது.

சொல் பிசகினால் புரிதலும் பிசகும். அதே மொழிபெயர்ப்பு, சமோரோவை ஸ்பானியத்தின் கிளைமொழி என்கிறது. ஆட்கள் குடிவந்ததாக எண்ணியவர், மொழியும் அவர்களோடு குடிவந்தது என முடிவுகட்டிவிட்டார் போலும். ஸ்பானியக் கடன்சொற்கள் அதில் ஏராளம் என்பது உண்மை. ஆனால் பாடுதலுக்குரிய ‘காந்தா’வை அங்கிருந்து எடுத்தவர்கள், அதன் நடுவே தங்கள் ‘உம்’ உருபைச் செருகி ‘குமாந்தா’ ஆக்கினார்கள். அந்த இலக்கணம் படகேறி வந்த முன்னோருடையது.