பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரும் வலது காலின் பழக்கமும்

பெங்களூரில் கோடை மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். பல நாள் காய்ந்து கிடந்த சாலையில் தூசியும் வண்டிகள் சொட்டிய டீசலும் ஆயிலும் படிந்திருக்கும். முதலில் விழும் தூறல் அதைக் கழுவிவிடுவதில்லை, குழைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஹெப்பால் மேம்பாலத்தின் வளைவில் ஏறும் ஒரு கார் வழுக்கினால், மூக்கு வெளியே போகுமா வால் வெளியே போகுமா என்பது பெருமளவு ஒரே விஷயத்தைப் பொறுத்தது: எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது?

நம்மில் பெரும்பாலோர் கார் ஓட்டக் கற்றது முன்சக்கரம் இழுக்கும் வண்டியில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு சின்ன கார் என்றாலே அநேகமாக அந்த வகைதான். அதற்கு முன்னால் ஓடிய அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். ஆம்னியும் அப்படித்தான், விமான நிலையத்துக்குப் போய்வரும் இன்னோவா கிரிஸ்டாவும் அப்படித்தான். ஆனால் அவற்றில் எதுவும் 400 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களில் கொண்டுபோய்க் கொட்டியதில்லை. 2016இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் அதைத்தான் செய்தது. ஸ்விஃப்ட், ஐ20 என்று ஓட்டிப் பழகி, ஐடி வேலையில் நாலு காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் தமிழ்ப் பையன்கள் வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எஞ்சினின் பலத்தைவிட, பழைய வண்டியில் வலது கால் கற்றுக்கொண்ட பழக்கம்தான் அவர்களுக்கு அதிக ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை டன் வண்டியைச் சாலையோடு பிடித்துவைப்பது அப்படி நான்கு உள்ளங்கைகள். வண்டியை முடுக்குவது, நிறுத்துவது, வளைப்பது எல்லாவற்றுக்கும் டயர் தன் பிடிமானத்தின் ஒரே கையிருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பொறியாளர்கள் இதை ஒரு வட்டமாக வரைவார்கள். கணக்கு நாம் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். வளைவதற்கு 80 சதவீதம் செலவானால் முடுக்க 60 சதவீதம் மிச்சம். வளைவதற்கு 95 சதவீதம் போனால் மிச்சம் 31தான். முதல் 80 சதவீதம் செலவானபோது நூறிலிருந்து நாற்பதுதான் குறைந்தது, அடுத்த பதினைந்தில் மீதி பாதியாகிவிட்டது. "நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, திடீர்னு வால் திரும்பிடுச்சு" என்று சொல்வார்களே, அந்தத் திடீருக்கு ஒரு காரணம் இது.

ஸ்போர்ட்ஸ் கார்களை ஏன் பின்சக்கரத்தில் தள்ளவிடுகிறார்கள்? முடுக்கும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. பாரம் ஏறிய டயருக்குப் பிடி அதிகம், ஆகவே அதிக பலத்தைச் சாலையில் இறக்க முடிகிறது. முன் டயர்களோ முடுக்கும் வேலை இல்லாமல் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. அருமையான ஏற்பாடு. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்வரை.

முன்சக்கர வண்டியில் வளைவுக்குள் வேகம் அதிகமாகிவிட்டால் பொதுவாக முன் டயர்கள்தான் முதலில் பிடி இழக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பயந்து காலை எடுக்கிறோம். பாரம் முன்னால் சாய்கிறது, முன் டயர்களுக்குப் பிடி திரும்புகிறது, வண்டி வளைந்துவிடுகிறது. "பயமா, காலை எடு" என்று உடம்பு கற்றுக்கொள்கிறது.

அதே பயத்தைப் பின்சக்கர வண்டிக்குக் கொண்டுவாருங்கள். 1,500 கிலோ எடை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் காலைச் சட்டென்று எடுத்ததில் புவியீர்ப்பு முடுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வேகம் தணிந்தால், ஏறக்குறைய 60 கிலோ பாரம் பின் டயர்களிலிருந்து முன் டயர்களுக்கு மாறுகிறது. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் பின் டயர்கள் லேசாகின்றன. அதோடு நிற்பதில்லை. எஞ்சின் பின்சக்கரங்களோடுதான் இணைந்திருக்கிறது என்பதால், காலை எடுத்ததும் எஞ்சினே வண்டியைப் பிடித்திழுக்கும் எஞ்சின் பிரேக்கும் அங்கேதான் விழுகிறது. கையிருப்பு குறைந்த அதே நொடியில் ஒரு புதுச் செலவு. வால் வெளியே போகிறது. சுருக்கமாகச் சொன்னால், அதிகம் மிதித்தாலும் வால் போகும், பயந்து விட்டாலும் வால் போகும்.

அல்சூரில் பல வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய பெரியவர் ஒருவர் உண்டு. மழைக்கு அவர் சொல்லும் பாடம் இரண்டே வரி: "தம்பி, ஒரு கியர் மேலயே வெச்சுக்க. காலை எடுக்கணும்னா மெதுவா எடு, புடுங்காத." இயற்பியல் அவர் பக்கம். பல கார்களில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் சக்கரத்துக்குச் சேரும் முறுக்குவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், எஞ்சின் பிரேக்கும் அதே விகிதத்தில் தணியும். டர்போ வண்டிகளில் இது இன்னும் முக்கியம். வளைவின் நடுவில் மிதித்ததற்கான பலம் கொஞ்சம் தாமதித்து மொத்தமாக வந்து சேரும். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும்.

சரி, வால் போயேவிட்டது. பின்பக்கம் எந்தத் திசையில் சறுக்குகிறதோ அந்தத் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், முன் டயர்கள் வண்டி உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையைப் பார்ப்பதற்காக. மிதித்ததால் சறுக்கியிருந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முழுதாக எடுக்கக் கூடாது. கண் தடுப்புச் சுவரில் இருந்தால் கையும் அங்கேயே போகும், ஆகவே போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் நிறையப் பேருக்குத் தெரியும். விபத்து பெரும்பாலும் அதற்கு அடுத்த நொடியில் காத்திருக்கிறது. பின் டயர்களுக்குப் பிடி திரும்பும்போது ஸ்டீயரிங் இன்னும் எதிர்ப்பக்கம் திரும்பியே இருந்தால், வண்டி அந்தப் பக்கமாக முன்னைவிட வேகமாக வீசப்படும். முதல் சறுக்கலில் சுருங்கியிருந்த சஸ்பென்ஷன் விரியும் வேகமும் அதில் சேர்ந்துகொள்ளும். பிடி திரும்புவதை இடுப்பில் உணர்ந்தவுடன், சில சமயம் அதற்குக் கொஞ்சம் முன்பே, ஸ்டீயரிங்கை நேராக்கிவிட வேண்டும். கட்டுரை படித்து இது வராது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் நம் சென்னை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, குறைந்த வேகத்தில் பழக வேண்டும். வண்டி சுழன்றேவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்துவிடுவதுதான் வழி.

நந்தி மலைக்கு விடியற்காலையில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில், காய்ந்த சாலையின் உராய்வு எண் 0.8 என்றால், எல்லை மணிக்கு சுமார் 39 கிலோமீட்டர். பனி ஈரத்தில் அது 0.4 ஆகிவிட்டால் 28. இது முடுக்கவோ பிரேக் போடவோ எதுவும் மிச்சம் வைக்காத கணக்கு. ஆகவே நாம் அதற்கும் நன்றாகக் கீழேதான் போக வேண்டும்.

டயர் மாற்றும்போது ஒரு சண்டை வரும். இரண்டு டயர் மட்டும் புதிது போட்டால், திருப்புவது முன்சக்கரம்தானே, முன்னால் போடுங்கள் என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல டயர் பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வேகம் தணிந்ததும் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும், பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலம் என்பதால் இந்தச் சண்டையே வராது. ஆனால் அகலமான டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும், அதுவும் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

1995இல் முதன்முதலில் கார்களில் வந்த இஎஸ்சி என்னும் மின்னணு நிலைப்படுத்தி, ஸ்டீயரிங் கேட்கும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வால் போவதாகத் தெரிந்தால் எஞ்சின் பலத்தைக் குறைத்து, வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கப் பார்க்கும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் போட மனிதக் காலால் முடியாது. தயவுசெய்து பொதுச் சாலையில் அதை அணைக்காதீர்கள். ஸ்போர்ட் மோடில் பல கார்களில் அது தாமதமாகத்தான் தலையிடும் என்பதால் மழையில் அதுவும் வேண்டாம். அது வேலை செய்யும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும். மினுக்கினால் எந்த வளைவு, எந்த கியர், கால் அப்போது மிதித்துக்கொண்டிருந்ததா விட்டதா என்று நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே வளைவுக்குள் 10 கிலோமீட்டர் குறைத்து நுழைந்து பாருங்கள்.