இன்டிமிடேஷன்: வாய் திறக்காத மிரட்டலுக்கு என்ன பெயர்?

மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் எனக்கு அடிக்கடி வந்து சிக்குகிற ஆங்கிலச் சொல் இன்டிமிடேஷன், அதாவது ஒருவரைப் பயம் காட்டிப் பணியவைக்கப் பார்ப்பது. சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்குகிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் யாரோ ஓர் ஆள் வந்து, வாசலை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துப் போய்விடுகிறான். ஒரே ஒரு நாள்தான் வாயைத் திறந்தானாம்: "பாப்பாவுக்கு ஸ்கூல் நாலு மணிக்குத்தானே விடும்?"

"ஸ்டேஷனுக்குப் போனேன் தம்பி. அடிப்பேன், வெட்டுவேன்னு ஏதாவது சொன்னானான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்புறம் என்னம்மா மிரட்டல்னு அனுப்பிட்டாங்க" என்றார்.

அந்த ஆள் செய்தது அப்பட்டமான இன்டிமிடேஷன். ஆனால் அதைத் தமிழில் மிரட்டல் என்று சொன்னதுமே, கேட்பவர் உரத்த குரலையும் கெட்ட வார்த்தையையும் தேடத் தொடங்கிவிடுகிறார். அது கிடைக்காவிட்டால் மிரட்டலே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டிமேரே' என்றால் அஞ்சுதல், 'டிமிடுஸ்' என்றால் அஞ்சுகிறவன். அதன் முன்னால் 'இன்' சேர்ந்து, ஒருவரை அஞ்சுகிறவராக ஆக்குவது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் உண்டானது. 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பயந்த சுபாவக்காரரைச் சொல்லும் 'டிமிட்' இதன் உடன்பிறப்பு. ஒலியில் ஒட்டி வருகிற 'இன்டிமேட்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது 'மிக உள்ளே இருப்பது' என்று பொருள்படும் வேறு வேரிலிருந்து வந்தது.

பயம் காட்டினால் மட்டும் இன்டிமிடேஷன் ஆகிவிடாது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து 'பே' என்று கத்தினாலும் பயம் வரும்தான். அந்தப் பயத்தை வைத்து ஒருவரை நம் வழிக்கு வரவைக்கப் பார்க்கும்போதுதான் இந்தச் சொல் பொருந்தும். சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 503. சட்டத் தமிழில் குற்றமுறு மிரட்டல் என்பார்கள். ஒருவரின் உடலுக்கோ, பெயருக்கோ, உடைமைக்கோ, அவர் அக்கறை கொண்டவரின் உடலுக்கோ பெயருக்கோ கேடு வரும் என்று மிரட்ட வேண்டும். நோக்கம், அவரைக் கலங்கடிப்பதாக இருக்கலாம். அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைப்பதாகவோ, செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதாகவோ இருக்கலாம். கடன் செயலிக்காரர்கள் 'உங்க படத்தை எல்லாருக்கும் அனுப்பிடுவோம்' என்று சொல்வது பெயருக்குக் கேடு என்பதில் அடங்கும்.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகு இது பிரிவு 351 ஆகிவிட்டது. கடுமையான மிரட்டலுக்குத் தண்டனை சொன்ன பழைய பிரிவு, நீதிமன்ற வாசலில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த 'ஐநூத்தி ஆறு ரெண்டு', இப்போது 351(3). கொலை, கொடுங்காயம் போன்றவற்றைச் சொல்லி மிரட்டினால் ஏழு ஆண்டு வரை சிறை. மற்ற மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை. எண் மாறியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, புதிய சட்டத்தின் வரையறையில் 'எந்த வழியிலாவது' மிரட்டினால் என்று சேர்த்திருப்பதுதான். வாயால்தான் மிரட்ட வேண்டும் என்று பழைய பிரிவும் சொல்லவில்லை. புதியது அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். உருள் என்பதிலிருந்து உருட்டு, திரள் என்பதிலிருந்து திரட்டு வருவதுபோல, மிரள் என்பதிலிருந்து மிரட்டு. வண்டி மாடு மிரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: கண் அகலும், காது விறைக்கும், முன்னங்கால் ஓர் அடி பின்னால் போகும். அந்த அக்காவும் பைக் சத்தம் கேட்டால் இப்போது வாசற்படியிலிருந்து ஓர் அடி உள்ளே போய்விடுகிறாராம். அச்சுறுத்து என்பதில் உள்ள 'உறுத்து', அடையச் செய்வது. துன்புறுத்து, அறிவுறுத்து எல்லாம் அதே வார்ப்பு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: வெருட்டு. இலங்கைத் தமிழர் பேச்சில் இன்றும் 'என்னை வெருட்டுறியோ?' என்று சாதாரணமாகக் கேட்கலாம். வயலில் நிற்கும் கொல்லைப் பொம்மைக்கு அங்கே வெருளி என்று பெயர். அது பேசுவதில்லை, சும்மா நிற்கிறது. பறவை கிட்டே வருவதில்லை. திருக்குறளின் 57ஆம் அதிகாரத்தின் பெயர் 'வெருவந்த செய்யாமை', குடிகள் அஞ்சும்படியானவற்றை அரசன் செய்யாதிருப்பது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் 552ஆம் குறள், கோலோடு நிற்கும் அரசன் பொருள் கேட்பதை, வேலோடு நிற்கும் கள்வன் 'இடு' என்று கேட்பதற்கு ஒப்பிடுகிறது. கவனியுங்கள், அந்தக் கள்வன் குத்துவேன் என்று சொல்லவே இல்லை. 'கொடு' என்கிறான், அவ்வளவுதான். மீதியை வேல் சொல்கிறது.

இதற்கிடையில் மிரட்டலும் அச்சுறுத்தலும் கொஞ்சம் தேய்ந்துவிட்டன. 'மிரட்டலான நடிப்பு' என்பது இப்போது பாராட்டு. மழையும் மிரட்டுகிறது. அச்சுறுத்தல் என்பது புயலுக்கும், அருகிவரும் உயிரினங்களுக்கும், கணினி வைரஸுக்கும் பொதுவாகிவிட்டது. பின்னால் ஒரு மனிதரின் நோக்கம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதனால் மனுவிலும் செய்தியிலும் நான் மிரட்டல் என்றே எழுதுவேன். பேசாமல் செய்வதைக் குறிக்க வேண்டுமென்றால் 'மிரட்டிப் பணியவைக்கும் நோக்கில்' என்று நீட்டி எழுதுவேன். அலுவலகத்தில் பிள்ளைகள் 'அந்த மீட்டிங் இன்டிமிடேட்டிங்கா இருந்துச்சு' என்கிறார்களே, அது வேறு. அங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. மலைப்பு என்ற சொல் அதற்குப் போதும்.

அந்த அக்காவின் முதல் மனுவில் 'என்னை மிரட்டுகிறார்' என்ற ஒரு வரிதான் இருந்தது. இரண்டாவதில் அந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளினேன். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி, பைக் எண் என்ன, வாசலிலிருந்து எத்தனை அடியில் நின்றது, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்ட அதே வார்த்தைகள், ஒப்பந்தம் முடியும் நாள், எல்லாவற்றையும் முதலில் எழுதி, 'வீட்டைக் காலி செய்ய வைக்கும் நோக்கில் இவ்வாறு மிரட்டுகிறார்' என்று முடித்தேன். அன்று சாயங்காலமே, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.