லீஸ்ஹோல்ட்: இங்கிலாந்துல ஃப்ளாட் வாங்குறவங்க கையில உண்மையில வர்றது என்ன?

இங்கிலாந்துல வீடு தேடுறவங்களுக்குத் தெரியும், விளம்பரத்துல விலை, பெட்ரூம் கணக்கு எல்லாம் போட்டுட்டு கீழ 'டென்யூர்: லீஸ்ஹோல்ட்'னு ஒரு வரி இருக்கும், டென்யூர்னா என்ன வகை உரிமைன்னு அர்த்தம். நம்மாளுங்க நிறைய பேர் அந்த வரிய தாண்டிப் போயிடுறாங்க, ஏன்னா லீஸ்ங்கிற வார்த்தை ஏற்கனவே தெரிஞ்சதுதானேன்னு ஒரு நினைப்பு. சென்னையில லீஸுக்கு வீடுன்னா மொத்தமா ஒரு தொகைய குடுத்துட்டு, மாச வாடகை இல்லாம ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு, காலி பண்றப்ப குடுத்த பணத்த அப்படியே திரும்ப வாங்கிக்கிறது. அதோட பழைய பேரு ஒத்தி, போக்கியம். இங்கிலாந்து லீஸ்ஹோல்ட் அது இல்லவே இல்ல, குறிச்ச வருஷக் கணக்குக்கு மட்டும் வீட்ட வாங்குறது. 3 லட்சம் பவுண்ட் குடுத்து வாங்கினா அந்தப் பணத்த காலக்கெடு முடிஞ்சு யாரும் திருப்பித் தரமாட்டாங்க, இன்னொருத்தருக்கு வித்தாத்தான் காசு.

லீஸ் பழைய பிரெஞ்சு வழியா வந்த சொல், 'விடு, விட்டுக் குடு'ன்னு பொருள், அதுக்கும் பின்னால லத்தீன் லக்ஸாரே, 'தளர்த்து'. ஹோல்ட் பழைய ஆங்கிலச் சொல், 'பிடிச்சு வச்சிரு'. டென்யூரும் அதே பொருள்ல பிரெஞ்சுல இருந்து வந்ததுதான். இத்தனை 'பிடி' ஏன்னா, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த ஜெயிச்ச பிறகு நிலம் முழுக்க அரசனோடது, மத்தவங்க எல்லாரும் அவன்கிட்ட இருந்து பிடிச்சு வச்சிருக்கிறவங்கன்னு ஆச்சு. கட்டுப்பாடு இல்லாம பிடிச்சு வச்சிருந்தா ஃப்ரீஹோல்ட், வருஷக் கணக்குக்கு விட்டத பிடிச்சு வச்சிருந்தா லீஸ்ஹோல்ட். 1925 சொத்துச் சட்டம் இத சுருக்கி, சட்டப்படி நிலத்துல ரெண்டே ரெண்டு வகை உரிமைதான் இருக்க முடியும்னு சொல்லிடுச்சு: முடிவே இல்லாத உரிமை ஒண்ணு, குறிச்ச கால அளவுக்கான உரிமை ஒண்ணு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? அகராதியில குத்தகைன்னு இருக்கும், ஆனா வெறும் குத்தகைன்னா நம்ம மனசுல வயல், மாந்தோப்பு, சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் வரும், வருஷா வருஷம் ஏலம் விடுற விஷயம். இங்க 99, 125, 999 வருஷம்னு எழுதுறாங்க, வாங்கலாம், விக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம். அதனால நான் காலக்குத்தகை உரிமைன்னு சொல்லுவேன், காலம்ங்கிற சொல் அதுல கண்டிப்பா இருக்கணும், ஏன்னா நீங்க காசு குடுத்து வாங்குறதே காலத்ததான். ஃப்ரீஹோல்டுக்கு அறுதி உரிமை. இன்னும் ஆழமா போனா நம்ம பழைய சாசனங்கள்ல காராண்மை, மீயாட்சின்னு ஒரு ஜோடிச் சொல் வருது: காராண்மை நிலத்துல இறங்கி பயிர் செய்றவனோட உரிமை, மீயாட்சி அதுக்கு மேல இருக்கிற உடைமை, மீ-ன்னா மேல். ஒரே நிலத்துல ரெண்டு அடுக்கு உரிமைங்கிறது நமக்குப் புதுசு இல்ல. காராண்மை விவசாயத்தோட ஒட்டின சொல், அத ஃப்ளாட்டுக்கு இழுக்க முடியாது, ஆனா ஃப்ரீஹோல்டர்ங்கிற ஆளுக்கு மீயாட்சியாளர்னு சொன்னா அவ்வளவு பொருத்தமா இருக்கு.

எல்லாரும் கேக்குற கேள்வி, ஃப்ளாட்டுன்னா மட்டும் ஏன் எப்பவும் லீஸ்ஹோல்ட்? இதுக்குக் காரணம் ஒரு கூரை. ஒரு வீட்ட ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய வித்தாங்க, வித்த பாதியில கொஞ்ச இடம் மத்தவரோட கூரைக்குக் கீழ வந்துச்சு, கூரைய நான் பராமரிப்பேன்னு வித்தவங்க பத்திரத்துல எழுதிக் குடுத்தாங்க. பிறகு கூரை ஒழுகினப்ப கூரை இருந்த வீடு கை மாறியிருந்துச்சு, புது ஓனர அந்த வாக்கு கட்டாதுன்னு 1994ல, அப்ப உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிடுச்சு, ரோன் எதிர் ஸ்டீஃபன்ஸ் வழக்கு. செலவு செய்யணும்ங்கிற கடமை ஃப்ரீஹோல்ட் நிலத்தோட அடுத்த ஓனருக்குப் போகாதுங்கிறது 1885லயே வந்த விதிதான். ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் இருக்கிற கட்டடத்துல கூரைக்கும் லிஃப்டுக்கும் அடுத்தடுத்து வர்றவங்க காசு குடுக்கலன்னா கட்டடம் நிக்குமா? லீஸ்ல அந்தக் கடமை கை மாறினாலும் கூடவே வரும். அதனாலதான் ஃப்ளாட்ட லீஸா விக்கிறாங்க. காரணம் நியாயமானதுதான், ஆனா அந்த நியாயத்த வச்சு மீயாட்சியாளருங்க காசு பாக்குறதுதான் எனக்கு ஆத்திரம்.

காலத்துக்கு வருவோம். லீஸ் முடிஞ்சா வீடு மீயாட்சியாளருக்குத் திரும்பிப் போகும். அதுலயே குடியிருக்கிறவங்கள பொதுவா உடனே வெளிய தள்ள முடியாது, மார்க்கெட் வாடகை கட்டி தொடரலாம், ஆனா சொந்தம்ங்கிறது போச்சு. அதுக்கு முன்னாடியே 80ங்கிற எண் ஒண்ணு இருக்கு, பாத்துக்கோங்க. மீதி 80 வருஷமோ அதுக்குக் கீழயோ வந்துட்டா, லீஸ நீட்டிக்கக் கட்டுற பணத்துல மேரேஜ் வேல்யூன்னு ஒண்ணு சேரும். கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டு உரிமையும் சேரும்போது சொத்தோட மதிப்பு ஏறுதுல்ல, அந்த ஏத்தம், தமிழ்ல இணைப்பு மதிப்புன்னு சொல்லலாம், அதுல பாதி மீயாட்சியாளருக்குப் போகும். பல ஆயிரம் பவுண்ட் வித்தியாசம் இதுல வரும், கடன் குடுக்க பேங்கும் தயங்கும். 1993 சட்டப்படி ஃப்ளாட்டுக்கு 90 வருஷம் கூட்டிக் கேக்கலாம். 2024 சட்டத்துல அது 990ன்னு இருக்கு, இணைப்பு மதிப்பையும் எடுக்குறாங்க, ஆனா அந்தச் சட்டம் துண்டு துண்டாத்தான் அமலுக்கு வருது. ரெண்டு வருஷம் ஓனரா இருந்தாத்தான் நீட்டிக்கக் கேக்கலாம்ங்கிற விதி 2025 ஜனவரி 31ல போயிடுச்சு, மத்தது எது எது அமல்ல இருக்குன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொலிசிட்டர்கிட்ட, அதாவது பத்திர வேலை பாக்குற வக்கீல்கிட்ட கேளுங்க.

கிரவுண்ட் ரெண்ட்னா தரை வாடகை, இந்தச் சொல் நம்மகிட்டயே இருக்கு, கோயில் மனையில வீடு கட்டினவங்க கட்டுறாங்களே அதான். 2022 ஜூன் 30க்குப் பிறகு எழுதுற புது நீண்ட லீஸ்ல பெரும்பாலும் இது 'ஒரு பெப்பர்கார்ன்'தான், அதாவது ஒரே ஒரு மிளகு, நடைமுறையில சைபர். (பெப்பர்ங்கிற சொல்லே நம்ம பக்கத்து பிப்பலி, அதான் திப்பிலி, கிரேக்கம் லத்தீன் வழியா போய்ச் சேர்ந்தது.) பழைய லீஸ்ல 10 வருஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும்னு எழுதியிருந்தா அந்த ஃப்ளாட்ட விக்கிறதே கஷ்டம். இதையும் சர்வீஸ் சார்ஜையும், அதாவது பராமரிப்புக் கட்டணத்தையும் குழப்பிக்காதீங்க, அது தனி. பெரிய வேலை செஞ்சு ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல போட்டாங்கன்னா முதல்ல முறையா நோட்டீஸ் குடுத்து உங்க கருத்த கேக்கணும், கேக்கலன்னா, இந்தத் தகராற விசாரிக்கிற ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) விலக்கு குடுத்தா தவிர, 250க்கு மேல வாங்க முடியாது. பில் நியாயமா இல்லன்னா அதே ட்ரிப்யூனல்ல கேள்வி கேக்கலாம். கோவத்துல கட்டாம மட்டும் விட்டுடாதீங்க, ஃபோர்ஃபிச்சர்னு ஒரு அதிகாரம் இருக்கு, உரிமைப் பறிப்பு. கோர்ட் வழியாத்தான் செய்ய முடியும், ஆனா கடைசி வரைக்கும் போனா வீட்டோட முழு மதிப்பும் போயிடும், இப்படி ஒரு விதி இன்னும் இருக்கிறது அநியாயம்.

வீடு பாக்கப் போற அன்னைக்கே ஏஜெண்ட்கிட்ட மீதி எத்தனை வருஷம், தரை வாடகை எவ்வளவு, எப்ப ஏறும், கடைசி மூணு வருஷ பராமரிப்புக் கணக்கு எங்கன்னு கேளுங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரி சைட்ல 7 பவுண்ட் கட்டினா யார் பேர்ல இருக்குன்னு பதிவேட்ட நீங்களே பாக்கலாம், லீஸ் நகல் தனியா வாங்கணும். லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ்னு அரசு பணம் குடுத்து நடத்துற அமைப்பு இலவசமா ஆலோசனை சொல்லுது. காமன்ஹோல்ட்னு மூணாவதா ஒரு வழியும் 2004ல இருந்து இருக்கு, கூட்டுரிமைன்னு சொல்லலாம், காலக்கெடுவும் கிடையாது, மேல மீயாட்சியாளரும் கிடையாது. இத்தனை வருஷத்துல 20 இடம் கூட அப்படி வரல, இனிமே புது ஃப்ளாட்ட இந்த முறையிலதான் விக்கணும்னு கொண்டு வரப்போறதா 2025 மார்ச்ல அரசு அறிவிச்சிருக்கு. ஏற்கனவே இருக்கிற லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் அதனால தானா மாறிடாது.