நிக்கல் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

பழைய ரிவால்வருக்குப் புதிதாக நிக்கல் முலாம் பூசி என்னிடம் கொண்டுவருகிறார்கள். இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது.

டெக்சஸில் பழைய துப்பாக்கிகளைப் பார்த்து மதிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வெல்வெட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் திறந்தார். உள்ளே ஏழரை அங்குலக் குழலுடன், கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. பாட்டன் வழியில் வந்ததாம். "பழுப்பேறிப் பார்க்கவே சகிக்கவில்லை, விற்கிறதுக்கு முன்னால் நன்றாக இருக்கட்டுமே என்று நிக்கல் போட்டேன்" என்றார். போட்டுக் கொடுத்தது கார் பம்பருக்கு முலாம் பூசும் பட்டறை.

முதலில் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்தேன். (காலி என்று யார் சத்தியம் செய்தாலும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.) அப்புறம் லென்ஸை எடுத்தேன். ஃபிரேமின், அதாவது சிலிண்டரைத் தாங்கும் உடல் பகுதியின், இடது பக்கத்தில் ராணுவச் சொத்து என்று காட்டும் 'யு.எஸ்.' முத்திரை இருந்த இடத்தில் ஏதோ நிழல் மாதிரித் தெரிந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய காப்புரிமைத் தேதிகளில் 1871 மட்டும் பாதி படிக்க முடிந்தது. சிலிண்டரில் 'ஏ' என்ற சின்ன எழுத்து இருந்ததா இல்லையா என்று அரை மணி நேரம் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

அந்த எழுத்துக்குத்தான் காசு. 1873இல் அமெரிக்க ராணுவம் இந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டபோது, தொடக்கக் காலத்தில் தணிக்கை செய்த ஐன்ஸ்வொர்த் என்ற அதிகாரி வைத்த குறி அது. 1876இல் அமெரிக்கப் பழங்குடியினரிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குப் போன ஏழாம் குதிரைப்படையிடம் இருந்தது அந்தக் காலத்துச் சரக்கு. அதனால் போலிக் குறி அடிப்பவர்களும் உண்டு. பாதி அழிந்த உண்மை எழுத்தும், அடித்துவிட்டு மங்கலாக்கிய போலி எழுத்தும் லென்ஸில் ஒரே மாதிரிதான் தெரியும். நான் எதை எழுதிக் கொடுப்பது?

இவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நிக்கலைக் கழற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும் இல்லையா?"

ஆகாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல, மேலே ஒரு பூச்சு, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முலாம் பூசுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பஃப்பிங் சக்கரத்தில் கொடுத்து, துருக்குழி மறையும்வரை இரும்பைத் தேய்த்து எடுக்கிறார்கள். முத்திரை போவது அங்கே. ஃபிரேமின் கூரான விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்குவதும் அங்கேதான். திருகுத் துளையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், லேசாகக் குழிந்திருக்கும். நிக்கலை ரசாயனத்தில் கரைத்து எடுத்துவிடலாம், மறுக்கவில்லை. தேய்த்துத் தூளாகப் பட்டறைத் தரையில் கொட்டிய இரும்பை எங்கே போய்ப் பொறுக்குவது? சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்த இரும்புக்கும், நீங்கள் அசிங்கம் என்று சொன்ன அந்தப் பழுப்புக்கும்தான். என் கணக்கில், இப்படி முலாம் போட்டவற்றுக்குப் பாதி விலைகூடத் தேறுவதில்லை.

உடனே அடுத்த வாதம் வரும்: "கோல்ட் கம்பெனியே நிக்கல் போட்டு விற்றதே?" விற்றது, உண்மைதான். அமெரிக்க மேற்கில் பேர்போன சட்டக் காவலர் பேட் மாஸ்டர்சன் 1885இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து நிக்கல் பூசிய ரிவால்வர் கேட்டுக் கோல்டுக்கு எழுதிய கடிதம் பிரபலமானது. முன் குறிமுள் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் இருக்கட்டும், விசை இலேசாக இருக்கட்டும் என்றெல்லாம் கேட்டிருந்தார். அப்படித் தொழிற்சாலையிலிருந்தே நிக்கலோடு வந்ததற்கு நல்ல விலை உண்டு. ஆனால் ராணுவத்துக்குப் போனவை நீலச்சாயமும் (துருப் பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றும் கருநீலம்) கேஸ் ஹார்டனிங் நிறமுமாகத்தான் (இரும்பின் மேற்பரப்பைச் சூட்டில் கடினமாக்கும்போது படரும் பல வண்ணம்) போயின. 'யு.எஸ்.' முத்திரையும் நிக்கலும் சேர்ந்து வந்தால், நிக்கல் பின்னால் வந்தது. ராணுவம் கழித்துவிட்டதை வாங்கிய வியாபாரிகள் அந்தக் காலத்திலேயே நிக்கல் போட்டு விற்றிருக்கிறார்கள். ஆகவே முலாம் உரிந்து பழையதாகத் தெரிவதால் மட்டும் அது ஒரிஜினல் ஆகிவிடாது.

வாங்கப் போகிறவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். முலாமுக்கு அடியில் துருக்குழி தெரிகிறதா? துரு பிடித்த பிறகு பூசியது அது. திருகுகளுக்கும் சேர்த்து நிக்கலா? சந்தேகப்படுங்கள், தொழிற்சாலையில் அவற்றை நீலமாக விடுவதுதான் வழக்கம். நிக்கலில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். நீலம் பாய்ந்த வெள்ளையாக மின்னினால் அது குரோம், குரோம் முலாம் கடைத்தெருவுக்கு வந்ததே 1920களில்தான். காசு கொடுப்பதற்கு முன்னால் வரிசை எண்ணைச் சொல்லி கோல்ட் ஆவணப் பிரிவில் கடிதம் கேளுங்கள். எந்தப் பூச்சோடு, எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பினார்கள் என்று பழைய பேரேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். விற்கிறவர் வாயால் சொல்லும் கதை எனக்கு வேண்டாம்.

ஏற்கெனவே நிக்கல் போட்டாகிவிட்டதா? சரி, விட்டுவிடுங்கள். அதைக் கழற்றி மறுபடி நீலம் ஏற்றினால் இன்னொரு முறை சக்கரத்தில் போகும். செம்பு படிந்த குழலைச் சுத்தம் செய்யும் அம்மோனியா கலந்த திரவத்தை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முலாம் விண்ட இடத்தில் உள்ளே இறங்கினால், அடியில் செம்புப் பூச்சு இருக்கும் பட்சத்தில், தகடு தகடாகத் தூக்கிவிடும்.

வீட்டில் பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். உப்புத்தாள், கம்பிப் பஞ்சு, கார் பாலிஷ் எதுவும் வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்து கொண்டுவரவும் வேண்டாம். வீட்டு ஸ்குரூடிரைவரின் நுனி சரிவானது, 140 வருடத் திருகின் பிளவில் அது உட்காராது, வழுக்கித் தலையைப் பிய்த்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை ரிவால்வரில் ஒழுங்காக மிஞ்சியிருந்தது கைப்பிடி மரம் ஒன்றுதான். அதன் மேல் தணிக்கை முத்திரை இன்னும் லேசாகத் தெரிகிறது. கைப்பிடியின் பின்பக்க இரும்புப் பட்டையின் திருகு கழலவில்லை என்று பட்டறைக்காரர் மரத்தை விட்டுவிட்டாராம்.