புகையை நிறுத்தியவரைத் திரும்ப இழுப்பது எது?

"டென்ஷன் வந்தா ஒரு தம் போட்டாத்தான் மனசு நிக்குது." புகைப்பழக்கத்தை விட ஆலோசனைக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. பற்றவைத்ததும் பதற்றம் தணியத்தான் செய்கிறது. ஆனால் தணிவது எந்தப் பதற்றம்?

உள்ளே இழுத்த நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டிவிடும். சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அது குறையக் குறைய எரிச்சல் வரும், கவனம் சிதறும், இருப்புக்கொள்ளாது. அடுத்த சிகரெட் அடக்குவது இந்த அவஸ்தையை மட்டும்தான். கடன் பிரச்சினையோ வேலை நெருக்கடியோ இருந்த இடத்திலேயே இருக்கும். புகையை விட்டுச் சில வாரங்களைக் கடந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. இது மனதில் பதியாமல் நிறுத்துகிறவர், இருந்த ஒரே துணையையும் இழந்துவிட்டதாக நினைக்கிறார். அடுத்த நெருக்கடி வந்ததும் கை தானாகச் சிகரெட்டைத் தேடுகிறது.

நிறுத்திய 3 நாட்களுக்குள் நிகோடின் உடலைவிட்டு ஏறக்குறைய வெளியேறிவிடும். எரிச்சலும் தூக்கக் கோளாறும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் அடங்கும். ஆறு மாதம் கழித்தும் திடீரென ஆசை எழுகிறதென்றால், அதைக் கிளப்புவது சூழல். ஒரு நாளைக்கு 15 சிகரெட், ஒன்றுக்கு 10 இழுப்பு என்று வைத்தாலே ஆண்டுக்கு 54,000 இழுப்புகளைத் தாண்டும். அத்தனை முறையும் காபியோடும் போன் பேச்சோடும் சாப்பிட்டு எழும் நேரத்தோடும் முடிச்சுப் போட்டிருக்கிறோம்.

முடிச்சுகள் எங்கே என்று தெரியாமல் அவிழ்க்க முடியாது. நிறுத்தும் தேதிக்கு முந்தைய ஒரு வாரம், ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன்பே நேரம், இடம், உடனிருப்பவர், மனநிலை, ஆசையின் அளவு (0 முதல் 10) ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பிறகு எழுத நினைத்தால் பாதி மறந்துவிடும். 3-க்குக் கீழே விழுபவை வெறும் கைப்பழக்கம். அவற்றை விடுவது எளிது. 7-க்கு மேல் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்று வேண்டும்: "சாப்பிட்டதும் நேரே போய்ப் பல் துலக்குவேன்", "கோபம் வந்தால் அந்த அறையைவிட்டு வெளியேறி வேகமாக நடப்பேன்" என்ற அளவுக்குத் துல்லியமாக. "அப்போது சமாளித்துக்கொள்வேன்" என்பது திட்டமே இல்லை. ஆசை பொதுவாக 5 முதல் 10 நிமிடங்களில் வடிந்துவிடும். ஐந்து நிமிட வேக நடைகூட அதன் வேகத்தைத் தணிக்கும். நினைக்கவே கூடாது என்று மனதோடு மல்லுக்கட்டினால் நினைப்பு கூடுமே தவிரக் குறையாது.

பலரும் கவனிக்காத ஒன்று காபி. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகை நின்றதும், அதே அளவு காபி உடலில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால், சிகரெட் இல்லாததால்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் வாரங்களில் காபியைப் பாதியாகக் குறையுங்கள். இதே காரணத்தால் ஓலான்சபின், க்ளோசபின் போன்ற மனநல மருந்துகளின் அளவும் இரத்தத்தில் உயரக்கூடும். அவற்றை எடுப்பவர்கள் நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

புகையை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தை, "எனக்கு ஒத்துக்கலை" என்று கைவிடுபவர்களில் பலர் அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்றவர்கள். விக்கலும் குமட்டலும் அதனால் வருபவை. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று சுமார் 30 நிமிடம் வரும். காபி, பழச்சாறு குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்குப் பொதுவாக 4 மில்லிகிராம் சூயிங்கம் தேவைப்படும். மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் போதும்.

திரும்பவும் பழக்கத்தில் விழவைப்பதில் மிக மோசமானது, ஒரு சறுக்கலுக்குப் பிறகு வரும் நினைப்பு. பற்றவைக்கும் முன் "ஒண்ணுதானே" என்ற மனம், அணைத்ததும் "எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்" என்கிறது. ஒரு சிகரெட்டை முழுப் பாக்கெட்டாக்குவது நிகோடினைவிட இந்த வெட்கம்தான் என்பேன். அப்படி நடந்துவிட்டால் மிச்சத்தை அந்த நிமிடமே நீரில் நனைத்து எறியுங்கள். புதிய தேதி குறிக்க வேண்டாம். அடுத்த சிகரெட்டைத் தவிர்ப்பதே தொடர்ச்சி. எந்த இடம், யாருடன், மது இருந்ததா என்று எழுதி, அந்தச் சூழலுக்கான மாற்றை மட்டும் திருத்துங்கள். வீட்டில் இருப்பவர்கள் "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்காமல், "எப்போ நடந்துச்சு?" என்று கேட்டால் போதும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனச்சோர்வு குறையாவிட்டால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.