கார் நின்ற பிறகும் சக்கரம் ஏன் சுற்றுகிறது?

ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு காரை ஓடவிட்டு, காட்சி முழுவதன் ஃபிரேம் வரிசையான மெயின் டைம்லைனில் ஸ்டாப் கட்டளை கொடுத்தால் கார் நின்றுவிடும். சக்கரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. அதன் அமைப்பே அப்படித்தான்.

கார் ஒரு மூவி கிளிப், அதாவது தனியாக இயங்கும் சிறு அனிமேஷன். அதற்குள் இருக்கும் சக்கரம் இன்னொரு மூவி கிளிப். ஒவ்வொரு மூவி கிளிப்புக்கும் சொந்தமாக ஒரு டைம்லைனும், இப்போது எந்த ஃபிரேம் ஓடுகிறது என்று காட்டும் பிளேஹெட்டும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால், அந்த வேகம் எல்லாருக்கும் பொது. ஆனால் எந்த பிளேஹெட் எந்த ஃபிரேமில் நிற்கிறது என்பது அததன் கணக்கு. காட்சி 60 ஃபிரேம் ஓடுவதற்குள் 10 ஃபிரேம் சக்கரம் ஆறு முறை சுற்றிவிடும். ஸ்டாப் கட்டளை எந்த டைம்லைனுக்குச் சொல்லப்படுகிறதோ அதை மட்டுமே நிறுத்தும், உள்ளே இறங்காது.

சரி, சக்கரத்தை எப்படி நிறுத்துவது? ஸ்டேஜில், அதாவது காட்சியில் இருக்கும் கிளிப்புக்கு இன்ஸ்டன்ஸ் நேம், அதாவது ஸ்கிரிப்டில் அழைக்க ஒரு பெயர், கொடுக்க வேண்டும். மூலப் பிரதிகள் இருக்கும் லைப்ரரியில் உள்ள பெயர் இதற்கு உதவாது, பலர் குழம்புவது இங்கேதான். அப்புறம் கார், சக்கரம், ஸ்டாப் என்று வெளியிலிருந்து உள்ளே, இடையில் புள்ளி வைத்து எழுதலாம். உள்ளிருந்து ஒரு படி மேலே போக பேரன்ட், உச்சிக்குப் போக ரூட். ரூட்டைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. காரை வேறொரு கிளிப்புக்குள் வைத்ததும் ரூட்டிலிருந்து எழுதிய வழி அறுந்துவிடும். முகவரி சரியாக இருந்தும் அந்த ஃபிரேமில் கிளிப்பே இல்லையென்றால், ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் 1009 என்ற பிழை வரும்.

கிராஃபிக் சிம்பல் என்ற இன்னொரு வகை மூவி கிளிப்புக்கு நேர்மாறு. அது தாய் டைம்லைனோடு சேர்ந்தே நகரும், நிற்கும். வசனத்துக்கு ஏற்ப வாயசைக்க அதைவிட வசதி இல்லை. ஆனால் இன்ஸ்டன்ஸ் நேம் கொடுக்க முடியாததால் ஸ்கிரிப்டால் அதைத் தொட முடியாது.

ஃபிளாஷ் கோப்புகளை உலாவியில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆனாலும் ஃபிளாஷ் மென்பொருளின் இன்றைய வடிவமான அடோபி அனிமேட்டில் மூவி கிளிப் இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. உலாவியில் நேரடியாக ஓடும் ஹெச்டிஎம்எல்5 கேன்வாஸுக்கு எழுதும்போது மட்டும் ஸ்கிரிப்டில் ஃபிரேம் எண் 1-க்குப் பதில் 0-இலிருந்து தொடங்கும். அதனால் எண்ணுக்குப் பதில் ஃபிரேம் லேபிள், அதாவது ஃபிரேமுக்கு ஒரு பெயர், வைப்பதே மேல்.

ஜாவாஸ்கிரிப்டில் ஜிஎஸ்ஏபி என்ற அனிமேஷன் நூலகம் வேறு வழியில் போகிறது. அங்கே குழந்தை டைம்லைன் தன் நேரத்தைத் தாயிடமிருந்து கணக்கிடுகிறது, தாயை நிறுத்தினால் எல்லாமே நிற்கும். ஒரு பாத்திரத்தின் உடல் நின்றும் கண் இமைக்க வேண்டுமென்றால், இமைக்கான டைம்லைனை உடலின் டைம்லைனுக்குள் சேர்க்காமல் தனியாக ஓடவிட வேண்டும்.